மழையைத் தேடிச் சென்ற தெப்பம்

ஐப்பசி அடைமழை நாள் ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்கு வான்சிறப்பு அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கடவுள் வாழ்த்தை அடுத்து மழையை வைத்த வள்ளுவரின் வைப்பு முறையைப் பற்றிச் சொல்லி, மேகம் தராவிட்டால் பெருங்கடலும் தன் தன்மையில் குன்றும் என்று அவர் கூறும் இடத்துக்கு வந்திருந்தேன். முன்வரிசை மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, நிலத்தில் பெய்தால் நெல் விளையும். கடலில் பெய்தால் என்ன பயன்? வீணாய்ப் போனதைத்தானே 'கடலில் பெய்த மழை' என்கிறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உரையாசிரியர்களின் விளக்கத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்ல ஐயா. எங்க தாத்தா கொழும்புத் தோணியில போனவரு. காத்து விழுந்து தோணி நடுக்கடல்ல நின்னா, பாயில வடியிற மழைத் தண்ணியப் பிடிச்சுத்தான் குடிப்போம்னு சொல்லுவாரு." வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்விரித்துச் சென்ற தோணிகளைப் பார்த்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அந்த மாணவரின் தாத்தாவுக்குத் தெரிந்திருந்த ஒன்று நம் மரபுத்தொடருக்குத் தெரியாமல் போயிற்று. கரையில் நிற்பவன் உண்டாக்கிய தொடர் அது. கடலில் பெய்த மழைக்கென்று ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன். அதன் தொடக்கம் நமக்கு அணித்தான திருகோணமலையிலும், அதன் எதிரொலி புதுச்சேரியிலும் கேட்கின்றன என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது.

*

பாய்மரப் படகிலேயே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வெப்பமண்டலக் கடலின் மழைநாள் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிவானில் ஒரு கரிய கோடு எழும். அது வளர்ந்து சுவராகும். மழைக்கு முன் காற்று வரும்; திசை மாறி, எதிர்பாராத வேகத்தில் வரும். அந்தச் சில நிமிடங்களில் பாயைச் சுருக்கியாக வேண்டும். தவறினால் பாய் கிழியும், சில வேளைகளில் மரமே முறியும். காற்று ஓய்ந்த பிறகு கனமழை நேராக இறங்கும். அப்போது படகில் இருப்பவர்கள் மேல்தளத்துக்கு ஓடிவருவார்கள். வெயிலுக்குக் கட்டிய துணிப்பந்தலின் ஒரு முனையைத் தாழ்த்தி வாளியை வைப்பார்கள். முதலில் வடியும் நீரைக் கீழே விட்டுவிட வேண்டும். பாயிலும் கயிற்றிலும் படிந்த கடலுப்பை அது கழுவிக்கொண்டு வரும். நாக்கில் வைத்துப் பார்த்து, உவர்ப்பு நீங்கியது என்று தெரிந்த பின்னரே தொட்டி நிரம்பத் தொடங்கும். குழந்தைகள் சோப்புத் தேய்த்துக்கொண்டு ஆடுவார்கள். நாள்கணக்கில் உப்பில் விறைத்திருந்த துணிகள் நல்ல தண்ணீரைக் காணும்.

பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே 1968, 1969 ஆண்டுகளில் 'ஜோஷுவா' என்னும் தம் படகில் தனியாக உலகைச் சுற்றியபோது, பெரும்பாயின் அடியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டே தமக்கு வேண்டிய நீரைச் சேர்த்துக்கொண்டார். உலகின் பெருங்கடல்களைச் சுற்றிவர ஒரு மனிதனுக்கு ஒரு துண்டுப் பாயும் ஒரு வாளியும் நீர்நிலையாக அமைந்தன.

படகின் உள்ளே மழைநாளின் மறுபக்கம் இருக்கும். திறப்புகள் எல்லாம் மூடப்பட்டிருப்பதால் புழுக்கம். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. எங்கோ ஒரு பலகை இடுக்கில் சொட்டும் நீர், சரியாகப் படுக்கையின் மேல் விழும். புத்தகத்தின் தாள்கள் ஊதிப்போகும். அப்பளம் நமுத்துப்போவதற்கே நாள்முழுதும் புலம்புகிறவர்கள் நாம். மாதக்கணக்கில் அந்த ஈரத்துக்குள் வாழ்கிறவர்களை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அவர்கள் மழையைச் சபிப்பதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு செறிவான உப்பை வெளியேற்றும் ஆற்றல் மனிதச் சிறுநீரகத்துக்கு இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவன் அந்த உப்பைக் கழிக்க உடலிலிருந்து அதைவிட மிகுதியான நீரை இழக்கிறான். ஆகவே குடிக்கக் குடிக்கத் தாகம் வளரும். நடுக்கடலில் இருப்பவனும் நடுப்பாலையில் இருப்பவனும் இந்த ஒரு செய்தியில் அண்டை வீட்டார்.

*

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டுவீசின. நான்கு நாள்களுக்கு முன் கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. திருகோணமலையில் நங்கூரமிட்டிருந்த 'சகாயிங்' என்னும் வணிகக் கப்பல் குண்டுபட்டு எரிந்தது. பின்னர், 1943இல், அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே அமிழ்த்தப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது. 75 ஆண்டுகள் நீருக்குள் கிடந்த அதனை 2018இல் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மேலே கொண்டுவந்தனர்.

ஸ்காட்லாந்தில் 1924இல் பிறந்த டூகல் ராபர்ட்சன் என்பவரின் வணிகக் கப்பல் வாழ்க்கையில் இந்தச் சகாயிங்கும் இந்தத் தாக்குதலும் இடம்பெறுகின்றன. பிற்காலத்தில் அவர் கடலை விட்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பால்பண்ணை வைத்தார். மனைவி லின் செவிலியர். மகள் ஆன், மகன் டக்ளஸ், இரட்டையர்களான நீல், சாண்டி என நான்கு பிள்ளைகள். பண்ணையில் உழைப்பு மிகுதி, வருவாய் குறைவு. உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி பற்றிய வானொலிச் செய்தியைக் கேட்டு, அப்பாவும் மாலுமிதானே, நாமும் போகலாமே என்று இரட்டையர்களில் ஒருவன் கேட்டானாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ராபர்ட்சன் பண்ணையை விற்றார். 1922இல் கட்டப்பட்ட, 43 அடி நீளமுள்ள 'லூசெட்' என்னும் இருமரப் பாய்க்கப்பலை வாங்கினார். 1971 ஜனவரி 27ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து குடும்பம் புறப்பட்டது.

அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியத் தீவுகளில் தங்கி, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அவர்கள் படகிலேயே வாழ்ந்தார்கள். பஹாமாஸ் தீவுகளில் ஆன் படகைவிட்டு இறங்கிக்கொண்டார். பனாமாவில் ராபின் வில்லியம்ஸ் என்னும் இளம் பட்டதாரி துணைக்கு ஏறிக்கொண்டார். 1972 ஜூன் 13ஆம் நாள் கலாபகோஸ் தீவுகளை விட்டு, ஏறத்தாழ 3,000 கடல் மைல் மேற்கேயுள்ள மார்க்கேசாஸ் தீவுகளை நோக்கி லூசெட் பாய்விரித்தது.

இரண்டாம் நாள், ஜூன் 15 காலை, ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கிலங்கள் படகின் அடியில் மோதின. பலகைகள் உடைந்து கடல் உள்ளே புகுந்தது. ஓரிரு நிமிடங்களில் லூசெட் இல்லை. காற்றடைத்த ரப்பர் தெப்பமும், மூன்று மீட்டருக்கும் குறைவான 'எட்னமேர்' என்னும் சிறு படகும், சில நாள்களுக்கான உணவும், ஏறத்தாழ பத்து லிட்டர் குடிநீரும், ஒரு சமையல் கத்தியும், லின்னின் தையல் கூடையும், மிதந்து வந்த சில பழங்களும் வெங்காயமும், ஒரு பாயும் மிஞ்சின. ஆறு உயிர்கள். பத்து லிட்டரை ஆறால் வகுத்துப் பார்க்க வாசகர்களுக்குக் கணக்கு ஆசிரியர் தேவையில்லை.

*

இங்கேதான் என் கட்டுரையின் மையம் இருக்கிறது. அன்று தெப்பத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது.

அண்மையிலிருந்த நிலம் கலாபகோஸ். கிழக்கே ஏறத்தாழ 200 மைல். எந்தக் குடும்பத் தலைவனின் மனமும் முதலில் அங்கேதான் ஓடும். ஆனால் காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்கின்றன. ரப்பர் தெப்பத்தை எதிர்க்காற்றில் செலுத்த எந்த மாலுமியாலும் முடியாது. மேற்கே மார்க்கேசாஸ், காற்று அந்தப் பக்கம்தான் தள்ளும். ஆனால் இருக்கும் தண்ணீரைக் கொண்டு அத்தனை தொலைவைக் கடக்க இயலாது. மூன்றாவது ஒரு வழி இருந்தது. வடக்கே சுமார் 400 மைலில் மழை இருந்தது.

மழை ஓர் ஊரா, அது ஒரு திசையில் இருப்பதற்கு? வெப்பமண்டலக் கடலைப் பொறுத்தவரை ஆம். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றும் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றும் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பட்டையில் சந்திக்கின்றன. வெம்மையும் ஈரமும் கொண்ட காற்று அங்கே மேலெழுந்து, குளிர்ந்து, இடிமேகங்களாகி மழையாக இறங்குகிறது. கீழே காற்று செத்துக் கிடக்கும். ஆங்கில மாலுமிகள் இந்தப் பட்டைக்கு வைத்த பெயர் டோல்ட்ரம்ஸ். கிழக்குப் பசிபிக்கில், தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தின் காரணமாக நடுக்கோட்டை ஒட்டிய கடலும் அதற்குத் தெற்கும் வறண்டிருக்க, மழைப்பட்டை பெரும்பாலும் வடக்கேயே நிற்கிறது. ராபர்ட்சன் கப்பல் தலைவருக்கான தேர்ச்சிச் சான்று பெற்றவர். இந்தப் படம் அவர் தலைக்குள் இருந்தது.

பாய்மர உலகில் டோல்ட்ரம்ஸ் என்பது சாபத்தின் பெயர். கொலம்பஸ் தம் மூன்றாம் பயணத்தில், 1498 ஜூலையில், அங்கே எட்டு நாள்கள் காற்றின்றிச் சிக்கிக்கொண்டு வெக்கையில் தவித்தார். கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதுமாலுமியின் கதைப்பாடலில் கப்பல் அசையாமல் நின்று மாலுமிகள் நா வறண்டு மடிவதும் நடுக்கோட்டுக் கடலில்தான். அந்தக் கவிதையை வகுப்பில் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: சாபம் தளர்கிற இடத்தில் அங்கும் மழை பெய்கிறது. கவிஞன் கற்பனையில் வைத்ததை ராபர்ட்சன் கணக்கில் வைத்தார். எந்த மாலுமியும் தவிர்க்க விரும்பும் இடத்தை நோக்கித் தம் குடும்பத்தைத் திருப்பினார். சிறு படகில் பாய் கட்டி, அதைக்கொண்டு தெப்பத்தை இழுத்து, வடக்கே மழைக்கும், பிறகு கிழக்கு நோக்கி ஓடும் எதிர்நீரோட்டத்தில் அமெரிக்கக் கரைக்கும் செல்வது திட்டம். கரைக்கு ஏறத்தாழ ஆயிரம் மைல்.

அண்மையிலிருக்கும் நிலத்துக்கு முதுகு காட்டி, தொலைவிலிருக்கும் மேகத்தை நோக்கிப் பிள்ளைகளைக் கொண்டுசெல்வது எளிய முடிவன்று. அந்த மனிதரின் மேல் ஏற்கெனவே ஒரு பாரம் இருந்தது. பாதுகாப்பான பண்ணை வீட்டிலிருந்து அந்தப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துவந்தவர் அவரே. முதல் முடிவு தவறாகிவிட்ட நிலையில் இரண்டாம் முடிவை எடுக்கிறார். அது சரியா என்று அறிய வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மழை வேண்டி வானம் பார்த்த உழவர்களின் பாடல்கள் நம் மொழியில் எத்தனையோ உண்டு. இந்த மனிதரும் உழவர்தான். இம்முறை வயல் இருக்கவில்லை.

ஏழாம் நாள் ஒரு கப்பல் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சென்றது. அவசர ஒளிச்சுடர்களை ஏற்றினார்கள். கப்பல் காணாமல் கடந்துபோயிற்று. அதன் பிறகு அவர் மனத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததைத் தம் நூலில் பதிவுசெய்கிறார். யாரோ வந்து மீட்பார்கள் என்ற எதிர்பார்ப்பை விட்டு, கடலிலேயே உயிர்வாழ்வது என்ற தீர்மானத்துக்கு அவர் வந்தார். ஆமைகளைக் கையால் பிடித்தார்கள். இறைச்சியை வெயிலில் உலர்த்தினார்கள். தாகத்துக்கு ஆமையின் குருதியைக் குடித்தார்கள். பறவைக்கோலாக்கள் இரவில் தாமாகவே வந்து விழுந்தன.

வடக்கே செல்லச் செல்ல மழை வந்தது. கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் மழை கருணையோடு மட்டும் வரவில்லை. ஒரு நாள் சில நிமிடத் தூறல்; மறுநாள் கண்ணுக்கெட்டும் தொலைவில் கடலின் மேல் சாம்பல் திரையாகப் பெய்துவிட்டு இவர்களைத் தொடாமலே போகும். பெய்யும்போது பாய்த்துணியை விரித்து, வழியும் நீரைக் கிடைத்த கலங்களில் எல்லாம் பிடிக்க வேண்டும்; வயிறும் ஒரு கலம்தான். மழை தப்பிய நாள்களில் ஆளுக்குச் சில மிடறுகள் என்று அளந்து கொடுக்க வேண்டும். யாருடைய மிடறு பெரிது என்ற கேள்வி எழும். பெற்றோர் தம் பங்கைக் குடிப்பதுபோல் காட்டிப் பிள்ளைகளுக்கு மிச்சம் வைப்பது எந்தப் பஞ்சத்திலும் நிகழ்வது. இங்கும் அதற்கு இடமிருந்தது.

பதினேழாம் நாள் வாக்கில் ரப்பர் தெப்பம் காற்றைத் தாங்க முடியாமல் கைவிடப்பட்டது. ஆறு பேரும் எட்னமேரில் நெருக்கியடித்து அமர்ந்தார்கள். மூன்று மீட்டருக்கும் குறைவான படகில் ஆறு பேர் என்றால், ஒருவர் நகர மற்றவர்களிடம் சொல்லிவிட்டு நகர வேண்டும், இல்லையேல் கவிழும். அந்தப் படகின் அடியில் தேங்கிய மழைநீரில் ஆமைக் குருதியும் மீன் கழிவும் கலந்திருந்தன. குடித்தால் வாந்தி வரும். வாந்தி இருக்கும் நீரையும் கொண்டுபோய்விடும். செவிலியரான லின் அதற்கு ஒரு வழி கண்டார். உப்பு ஏறாத நீராயின், அது அழுக்காக இருந்தாலும், பெருங்குடல் அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். கைவசமிருந்த குழாயைக் கொண்டு அந்த நீரை எனிமாவாகக் கொடுத்தார். இந்தச் செய்தியைப் படிக்கும்போது முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ, அந்த முப்பத்தெட்டு நாள் கதையில் அறிவு மிகக் கூர்மையாக வேலை செய்த இடம் இதுவென்றே தோன்றுகிறது. கணவரின் வரைபட அறிவு மழை இருக்கும் இடத்தைக் காட்டியது. மனைவியின் மருத்துவ அறிவு வீணாகியிருக்கக்கூடிய மழையையும் உயிராக்கியது. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பெரிதாகவும் இரண்டாவதை வேடிக்கையாகவும் சொல்லிச் செல்கிறார்கள்.

பின்னர் மழைப்பட்டைக்குள் முழுதாக வந்தபோது வேறொரு சோதனை. இரவு முழுதும் ஓயாத பெருமழை. எந்த மழைக்காக நிலத்துக்கு முதுகு காட்டினார்களோ, அதே மழை படகை நிரப்பி மூழ்கடிக்கப் பார்த்தது. முறைவைத்து நீரை இறைத்தார்கள். உடல் நடுங்கியது. குளிரையும் அச்சத்தையும் விரட்டப் பாட்டுப் பாடினார்கள். வள்ளுவர் கெடுப்பதும் எடுப்பதும் மழையே என்று இரண்டையும் ஒரே குறளில் வைத்தது எனக்கு நினைவுக்கு வருகிறது. உரைகள் அதனை நாட்டுக்கும் பயிருக்கும் பொருத்திச் சொல்லும். ஒரே படகில் இரண்டையும் கண்டவர்கள் இவர்கள்.

*

1972 ஜூலை 23, முப்பத்தெட்டாம் நாள். மாலையில் ஒரு கப்பல் தெரிந்தது. எஞ்சியிருந்த ஒளிச்சுடரை ராபர்ட்சன் ஏற்றினார். இம்முறை கப்பல் திரும்பியது. அது 'டோக்கா மாரு' என்னும் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல். பனாமாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஆறு பேரும் உயிரோடு மேலே ஏற்றப்பட்டார்கள். எட்னமேரும் ஏற்றப்பட்டது. மாலுமிகள் அவர்களுக்கு உணவும் உடையும் குளிக்க வெந்நீரும் தந்து பனாமாவில் கொண்டுசேர்த்தார்கள்.

திருகோணமலையில் 1942இல் வானிலிருந்து வந்ததும், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பசிபிக்கில் திரும்பி வந்ததும் ஒரே நாட்டின் கொடி. இதிலிருந்து ஒரு நீதியைப் பிழிந்தெடுக்க எனக்கு விருப்பமில்லை. குண்டுவீசியவர்கள் வேறு, கயிற்றை வீசியவர்கள் வேறு. ஆயினும் வரலாற்றைப் படிப்பவன் இந்த இரண்டு நாள்களையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ராபர்ட்சன் இந்த அனுபவத்தை 1973இல் நூலாக எழுதினார். அது பல மொழிகளுக்குச் சென்றது. அடுத்து அவர் செய்த பணிதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. கடலில் தத்தளிப்பவர்களுக்கான ஒரு கையேட்டை 1975இல் வெளியிட்டார். நீரை எங்கே தேடுவது, எப்படிப் பிடிப்பது, எப்படிப் பகிர்வது என்று தம் குடும்பத்தின் துன்பத்தைப் பாடமாக்கினார். 1991இல் மறைந்தார். மகன் டக்ளஸ் தம் நோக்கில் அதே பயணத்தை 2005இல் எழுதினார். எட்னமேர் படகு, அவர்கள் புறப்பட்ட ஃபால்மத் நகரிலேயே, கார்ன்வால் கடல்சார் அருங்காட்சியகத்திடம் சேர்ந்தது.

அந்தக் கையேட்டுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1982இல் ஸ்டீவன் காலஹன் என்னும் அமெரிக்கரின் சிறு பாய்மரப் படகு கேனரித் தீவுகளுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் மூழ்கியது. 76 நாள்கள் தனியாக ரப்பர் தெப்பத்தில் மிதந்து கரீபியத் தீவுகளை அடைந்தார். சூரிய வெப்பத்தால் கடல்நீரை நன்னீராக்கும் சிறு கருவிகளும், கிடைத்த மழையும் அவரைக் காத்தன. அவருடைய அவசரப் பையில் இருந்த நூல் ராபர்ட்சனின் கையேடு. பத்து ஆண்டுகளுக்கு முன் இரண்டு சிறுவர்கள் பட்ட தாகம், அச்செழுத்தாகி, வேறொரு பெருங்கடலில் வேறொருவனுக்குத் துணையிருந்தது. எழுத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல விடை இல்லை.

காலஹன் பின்னர், ஆங் லீ இயக்கி 2012இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்தின் கடற்காட்சிகளுக்கு ஆலோசகராக இருந்தார். யான் மார்டெல் 2001இல் வெளியிட்டு 2002இல் புக்கர் பரிசு பெற்ற அந்தப் புதினத்தின் நாயகன் புதுச்சேரிச் சிறுவன். கப்பல் மூழ்கி, 227 நாள்கள் படகில் புலியோடு பசிபிக்கைக் கடப்பவன். அவன் கையிலும் உயிர்பிழைக்கும் கலை பற்றிய கையேடு ஒன்று இருக்கிறது. அவனும் ஆமையைப் பிடிக்கிறான், மழையைப் பிடிக்கிறான். புலியைப் பற்றியே பேசும் நாம் இந்த மழையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திருகோணமலையில் தொடங்கியதாக நான் கண்ட நூல் புதுச்சேரியின் அருகே வந்து முடிச்சிடுவது இப்படித்தான். ஒன்று உண்மை, மற்றது புனைவு. இரண்டிலும் பெய்வது ஒரே மழை.

*

இந்தக் கதையை எழுதும்போது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. மீண்டு வந்தவர்கள்தான் நூல் எழுதுகிறார்கள். மழை வராமல் மடிந்தவர்களின் கணக்கு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், கப்பல் குண்டுபட்டு மூழ்கியபின் 133 நாள்கள் மரத்தெப்பத்தில் தனியாக மிதந்து 1943 ஏப்ரலில் பிரேசில் கரையோரம் மீட்கப்பட்ட பூன் லிம் என்னும் சீனப் பணியாளரை உலகம் அறியும். அவரும் கித்தான் துணியில் மழைநீரைப் பிடித்தே பிழைத்தார். அவரோடு அதே கப்பலில் இருந்து திரும்பாதவர்களின் பெயர்களை நாம் அறியோம். ராபர்ட்சனின் முடிவைச் சரியான முடிவு என்று நாம் சொல்வதற்குக் காரணம் மழை பெய்ததுதான். பெய்யாதிருந்தால், பிள்ளைகளைக் கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோன தந்தை என்று மட்டுமே ஒரு சிறு நாளிதழ்ச் செய்தி எஞ்சியிருக்கும். அல்லது அதுவும் இருந்திராது. அவர் தம் அறிவால் செய்யக்கூடியது மழை பெய்யக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர்வது மட்டுமே. பெய்வது அவர் கையில் இல்லை. மழையைக் கடவுளுக்கு அடுத்து வைத்த மனத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி, இனி அந்தத் தொடரைத் தேர்வில் எழுதலாமா கூடாதா என்று கேட்டார். எழுதலாம் என்றேன், தொடரை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. பின்வரிசை மாணவரிடம், தாத்தா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், காது மட்டும் கேட்பதில்லை என்றார். தோணியில் மழைநீர் பிடித்த கதையை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் இந்த இரவிலும் வெளியே மழை பெய்கிறது. காற்று கீழ்த்திசையிலிருந்து வருகிறது. கடலின் மேலும் பெய்துகொண்டிருக்கும்.